சரி போட்ட பிறகுதான் அடுத்தது

ஐந்தாம் வகுப்பில் நான் முதலாம் பிள்ளை. கடைசிப் பிள்ளையும் நானேதான். அனலைதீவில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்புக்கு வேறு ஆள் கிடையாது. முதலாம் வகுப்பில் என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி பிரான்சுக்குப் போனாள், ஒருவனை வவுனியாவில் மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், மிச்சப்பேர் யாழ்ப்பாணத்துக்குக் குடிபோனார்கள். அப்பா மாத்தளையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருக்க அவருக்கு வசதியில்லை. ஆகவே அம்மாவும் நானும் ஊரோடு இருந்தோம். ஒவ்வொரு தவணையும் முடிய அம்மா அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து, “பிள்ளை இந்த முறையும் முதலாம் பிள்ளை” என்பார். அதில் பொய்யும் இல்லை, பகிடியும் இல்லை.

இடைவேளை எனக்குப் பிடிக்காது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வேம்புக்குக் கீழே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஐந்தாம் வகுப்பு அக்கா கிட்டப் போனால் ஆட்டம் நின்றுவிடும். நான் திரும்பி வந்து என் கதிரையில் இருந்து, மற்ற மேசைகளில் கிறுக்கியிருந்த பெயர்களை வாசிப்பேன். அவற்றில் அரைவாசிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் இன்னார் இன்னாரோடு கோபம் என்றெல்லாம் நானே கதை கட்டி வைத்திருந்தேன்.

எனக்கென்று ஒரு ரீச்சர் இருந்தார். ஊர்காவற்றுறையிலிருந்து காலை வள்ளத்தில் வருவார். கடல் அடித்தால் சேலையில் பாதி நனைந்திருக்கும். வந்ததும் தன் கதிரையை இழுத்து என் கதிரையோடு ஒட்டிப் போடுவார். நான் ஒரு கணக்குச் செய்வேன். அவர் பார்த்துச் சிவப்புப் பேனையால் சரி போடுவார். பிறகுதான் அடுத்த கணக்கு.

“ஒண்டு பிழைச்சால் பிறகு வாறதெல்லாம் பிழைக்கும், பிள்ளை. நான் பாத்த பிறகு அடுத்ததுக்குப் போம்.”

புலமைப்பரிசில் சோதினைக்கான பழைய வினாத்தாள்களையும் இப்படித்தான் செய்தோம். செய்தோம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். இந்தத் தீவிலிருந்து ஒரு பிள்ளை பாஸ் பண்ணிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடுகிற கதையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று ரீச்சர் அம்மாவிடம் சொல்வார். எனக்கு வேறு காரணம் இருந்தது. பாஸ் பண்ணினால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்ப்பார்களாம். அங்கே ஒரே அறையில் பத்துப் பிள்ளைகள் படுப்பார்களாம். இரவில் முழிப்பு வந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும். அதை நினைத்தே நான் படித்தேன்.

சோதினை ஊர்காவற்றுறையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. அம்மாவையும் ரீச்சரையும் படலையடியில் மறித்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் போனேன். என் வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரை நான் ஓரிடத்தில் கண்டதில்லை. எனக்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி இருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அந்தச் சந்தோசத்தில் முதலாவது கேள்வி ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. விடையை எழுதினேன். பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சேர் அங்குமிங்கும் நடந்தார். என்னிடம் வரவில்லை. இவ்வளவு பிள்ளைகளுக்கும் அவர் ஒருத்தர்தானே, என் முறை வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும் என்று இருந்தேன். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். இவ்வளவு லேசான முதலாவது கேள்விக்கு இவ்வளவு நேரமா என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டேன்.

கடைசியில் சேர் என் மேசையடியில் நின்றார்.

“என்ன பிள்ளை, எழுதேல்லையோ?”

“எழுதிட்டன் சேர்.”

“அப்ப சரி.”

சரி என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். இரண்டாவது கேள்வியைச் செய்தேன். மறுபடி பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இடையில் விட்ட இடைவேளையில் தாய்மாரைக் கிட்ட விடவில்லை. இரண்டாம் பகுதியும் முதலாம் பகுதியைப் போலவே போயிற்று.

வெளியே வந்ததும் ரீச்சர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் எழுதினனீரோ?”

“இல்லை ரீச்சர். அந்தச் சேர் எனக்குப் பாக்க வரேல்லை.”

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் ரீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். ரீச்சர் என் கைகளை விட்டார். “பிழை என்னிலதான்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அந்தச் சேரிடம் போய் ஏன் என்று கேட்காமல் நிற்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

விடுமுறை முடிந்து மூன்றாம் தவணைக்குப் போனபோது ரீச்சரின் கதிரை என் பக்கத்தில் இல்லை. வாசலடியில், எனக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தது. கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதியிருந்தது.

“பத்தையும் செய்து முடிச்சுப்போட்டுக் கூப்பிடும்” என்றார். வள்ளத்தில் கொண்டுவந்த பேப்பரை விரித்துக்கொண்டு போய் அங்கே இருந்தார்.

முதலாவதைச் செய்துவிட்டு, “ரீச்சர்” என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். “பத்தும் முடிஞ்சுதோ?” என்று கடலைப் பார்த்தபடியே கேட்டார். நான் மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன். அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். அதற்கும் திரும்பவில்லை. சோதினையில் கோட்டைவிட்ட பிள்ளையை அவருக்கு இனிப் பிடிக்காது என்று விளங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கென்று இருந்தது அவர் ஒருத்தர்தான். இப்போது அவரும் போய்விட்டார்.

சோதினை மறுமொழி வந்தது, நான் பாஸ் இல்லை. விடுதி இல்லையென்று ஆயிற்று. தை மாதம் ஊர்காவற்றுறையில் சித்தி வீட்டில் என்னை விடுவது, அங்கே நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சேர்ப்பது என்று ரீச்சர் அம்மாவோடு கதைத்து முடிவு செய்தார். என்னைத் தொலைத்துவிடப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். ரீச்சர் பேப்பரில் பக்கம் புரட்டுவதேயில்லை. விரித்த பக்கத்தையே மணி அடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பார். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு பிறகு எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது. கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தாலும் ரீச்சருக்கு வாசிப்பு ஓடாது போலும். அதை மறைக்கத்தான் இப்படித் திரும்பி இருக்கிறார்.

ஒருநாள் எழுந்து அவரடிக்குப் போனேன்.

“ரீச்சர், தெரியாத சொல்லு இருந்தால் நான் வாசிச்சுக் காட்டட்டோ?”

“ஓம் பிள்ளை, வாசியும்” என்று பேப்பரைத் தந்தார்.

அது மரண அறிவித்தல் பக்கம். அனலைதீவைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட யாரோ ஒருவரைப் பற்றித் தட்டித்தடவாமல் வாசித்து முடித்தேன். பழக்கதோசத்தில் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். சரியென்று சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சரியாக வாசித்தேனா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, பாவம். இனி இவரிடம் கேட்டுப் பயனில்லை என்று, காத்திராமல் நானே அடுத்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினேன்.