கொள்ளுத்தாத்தா துறந்த சாதி

ஒகுஸ்த் பொனேருக்கு எழுபத்தாறு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்கு இன்றும் மை தடவுகிறார். கொள்ளுத்தாத்தா வீராசாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால், எதிரே இருப்பவர் காபி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வீராசாமியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1882இல், சாதி வழக்கம் இனி என்னை ஆள வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாதிப் பெயரை உதறியவர். ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டு, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம் என்றார்கள். மனிதர் அசையவில்லை.

இந்த வருடம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் வீராசாமியைப் பற்றிப் பேச ஒகுஸ்தை அழைத்திருந்தார்கள். அவர் எழுதித் தள்ளியதைத் தங்கை சூசான் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள்.

ஒரு வரியில் அவள் கை நின்றது. 'நூற்று நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் யாருடைய சாதியையும் கேட்டதில்லை.'

“அண்ணே, இது இருக்கட்டுமா?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று ஒகுஸ்துக்குத் தெரியும். 1983இல் அவர் விடுப்பில் வந்திருந்தபோது, மின்துறையில் வேலை பார்த்த தேவதாஸ் சூசானைப் பெண் கேட்டு வந்தார். அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொல்தான் முடிவு. “நீங்க என்ன ஆளுங்க?” என்று ஒரே கேள்விதான் ஒகுஸ்த் கேட்டார். தேவதாஸ் மறைக்காமல் சொன்னார். அவர் கொண்டுவந்த பழத்தைக்கூட யாரும் வாங்கி வைக்கவில்லை.

“எடுத்துடும்மா. பொய்யாச்சே.”

“எடுத்துட்டா மட்டும் நடக்காததா ஆயிடுமா? அவரு செத்தே ஆறு வருஷம் ஆவுது. இருக்கட்டும், படிங்க. நான் முன்னாடி உக்காந்து கேக்குறேன்.”

கூட்டத்தன்று, சொன்னபடியே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அந்த வரியைப் படித்ததும் ஒகுஸ்த் நிறுத்தினார். தாளைக் கீழே வைத்தார்.

“கேட்டேன். என் தங்கச்சியக் கட்டிக்க வந்தவர வாசல்ல நிக்க வெச்சு நான்தான் சாதி கேட்டேன். அவ வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்.”

யாரோ ஒருவர் கை தட்ட, அரங்கமே எழுந்து நின்று தட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்று சங்கத் தலைவர் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் அது ஒகுஸ்துக்கு இனித்தது. இனித்ததே என்று உடனே உடம்பு கூசியது. முதல் வரிசையில் சூசான் மட்டும் எழவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது சூசான் கேட்டாள்.

“அன்னிக்குக் கேள்வி கேட்டும் நீங்கதான் பெரிய மனுஷன். இன்னிக்கு அதச் சொல்லியும் நீங்கதான் பெரிய மனுஷன். தேவதாஸுக்கு என்னண்ணே கெடச்சுது?”