வாளியும் வெள்ளைக் கோடும்

என் சின்ன மகளுக்கு ஆறாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்து பிள்ளை தங்காமல் போனது. தண்ணீர் மோட்டார் பழுதாகி, மூன்று மாடி ஏறி அவள்தான் வாளியில் தண்ணீர் சுமந்த வாரம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே, "வாளி தூக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" என்றேன். வாய் இருக்கிறதே, அது சும்மா கிடக்காது.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைப் பிரித்துத் தட்டுகளில் வளர்ப்பாள். ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிப் போனவள் புது ஆராய்ச்சி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"இந்த அணுக்கள் காவல் மட்டும் பாக்கலம்மா. சதையைக் கட்டி வைக்கிற வலையை அறுக்க ஒரு நொதியும் விடும். புண்ணு ஆற அது வேணும். பனிக்குடமும் அப்படியொரு வலைதான். மாசமா இருக்கும்போது ஊறுற ஹார்மோன் அந்த நொதியை அடக்கி வைக்குதான்னு பாக்கணும்."

எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஹார்மோன் குறைந்தாலே வலை அறும் என்றால், வாளி மட்டுமே குற்றவாளி இல்லை.

நான்கு மாதம் பாடுபட்டாள். பாதித் தட்டுகளில் ஹார்மோன் விட்டாள், பாதியில் விடவில்லை. ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்போ வாளிதாம்மா."

இல்லையடி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தவறைக் கண்டுபிடித்தவர் கூட வேலை பார்க்கும் பெரியவர். அணுக்களுக்கு உணவாக ஊற்றும் சீரத்திலேயே, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரிலேயே, அந்த ஹார்மோன் கொஞ்சம் இருக்குமாம். கரித்தூளில் போட்டு அதை நீக்கிய சீரம் தனிப் பாட்டிலில் இருக்கும். இவள் துக்கத்தில் கவனிக்காமல் நீக்காத பாட்டிலை எடுக்க, ஹார்மோன் விடாத தட்டுகளுக்கும் அது போயிருக்கிறது.

"பட்டினி போடுறேன்னு சொல்லிட்டு விருந்து வச்சிருக்கியேம்மா," என்றாராம் அவர். பிள்ளை போனபிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்ததாக என்னிடம் சொன்னாள்.

மறுபடி முதலிலிருந்து செய்தாள். முடிவைப் படமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பலகை மாதிரி உறைய வைத்த கூழ், முழுக்க நீலச் சாயம். நொதி தின்ற இடமெல்லாம் வெள்ளைக் கோடு. ஹார்மோன் விடாத பக்கம் கோடு விரல் தடிமன். விட்ட பக்கம் நூல் மாதிரி.

"அப்போ வாளி இல்லையா?" என்றேன்.

"இது தட்டுல நடந்ததும்மா. என் வயித்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இதை வச்சு சொல்ல முடியாது." படத்தை மடித்தாள். "ஆனா வாளிதான்னும் யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். நானோ, "கை கழுவிட்டு சாப்பிட வா" என்றேன்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. இப்போது குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் வாளி பாதி நிறைந்ததும் குழாயை மூடிவிடுகிறாள். அதற்குமேல் தூக்கி நான் பார்த்ததில்லை.

வாளியைச் சொல்லி அன்றைக்கு நான் பேசியது தப்பு. நேரில் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை, அதனால் இதையெல்லாம் வேறொருவரை எழுதி வைக்கச் சொல்கிறேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.