பெயர் எழுத வேண்டாத தாள்

எம்.எட். ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள், அதற்கும் அவர்கள் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்பது. பள்ளியைப் பிடித்த பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று காட்டிவிட்டால் பட்டம் கையில். இதற்கு ஆராய்ச்சி வேறயா என்று வீட்டிலேயே சிரித்தார்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். ஆளுக்கொரு தாள், முப்பது வாக்கியங்கள். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி 'சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்றேன். ஆனால் மதிப்பெண்ணோடு பொருத்த ஆள் தெரிய வேண்டுமே. அதனால் தாளின் பின்பக்க மூலையில் வருகைப் பதிவேட்டு எண்ணைப் பென்சிலால் பொடியாக எழுதி, வரிசைப்படி கொடுத்திருந்தேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் கணக்கைக் கெடுத்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவள்தான். முப்பது பதிலிலும் பள்ளிக்கூடத்தை வெறுத்திருந்தாள். 'ஆசிரியர் என்னை மரியாதையாக நடத்துகிறார்' என்ற இடத்தில் டிக் அடித்த வேகத்தில் தாளே கிழிந்திருந்தது.

எரிச்சலில் வகுப்பு ஆசிரியையிடம் புலம்பினேன். யார் என்று கேட்டார். இரண்டாவது முறை கேட்க வைக்காமல் பெயரைச் சொல்லி, தாளையும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவளை வகுப்பின் முன் நிறுத்தி, அவள் வாயாலேயே அதை வாசிக்க வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காதவர்களை ஆசிரியை திரும்பிப் பார்த்ததும் அவர்களும் சிரித்தார்கள்.

"ஏட்டி, ஃபர்ஸ்ட் மார்க் வாங்குத திமிரு. இங்கன பிடிக்கலன்னா டிசி வாங்கிட்டுப் போ."

அவள் அழவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"பேரு வேண்டாம்னு நீங்கதான மிஸ் சொன்னிய?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும், பையில் மிச்சமிருந்த வெற்றுத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஆசிரியை பக்கத்தில் நிற்க, முப்பதையும் முழுமையாக ஒப்புக்கொண்டாள்.

அந்தப் புதிய தாளைத்தான் கணக்கில் சேர்த்தேன். தொடர்பு அழகாக வந்தது. வாய்மொழித் தேர்வில், பிள்ளைகள் பயமில்லாமல் பதில் சொன்னார்களா என்று கேட்டார்கள். ஆமாம் சார் என்றேன். முதல் வகுப்பில் தேறினேன்.

அதற்குப் பிறகு வந்த அரையாண்டுத் தேர்வில் அவள் எவ்வளவு வாங்கினாள் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தேவையான மதிப்பெண்ணை ஏற்கெனவே குறித்துக்கொண்டு வந்திருந்தேன்.