அரக்கர் படை காத்திருந்த ரயில்வே கேட்

எங்கள் சித்தி டிராகன் வளர்க்கிறாள் என்று மூன்றாம் வகுப்பில் நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. வளர்க்கத்தான் செய்தாள், காகிதத்தில். காலையில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் எடுப்பாள். மதியம் கோர்படி ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மந்திரக் கோட்டை, அரக்கர் படை, என் வயதில் ஓர் இளவரசி என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதுவாள். முதல் நாவல் முடிந்த அன்று வீட்டில் கேக் வெட்டினோம். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றார்கள் பதிப்பகத்தார். முதல் பக்கத்துக்கு அந்த ராஜ்யத்தின் வரைபடம் வேண்டும்.

சித்தி பூசணிக்காய் வரைந்தால் யானை மாதிரி இருக்கும். நானோ பள்ளி ஓவியப் போட்டியில் முதல் பரிசு. அந்தத் திமிரில் இரண்டு நாள் யாரையும் மேசைப் பக்கம் அண்டவிடாமல் மலை, ஆறு, காடு, கோட்டை எல்லாம் கறுப்பு மையில் வரைந்தேன். கோட்டைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு ரயில்வே கேட்டும் வரைந்தேன்.

சித்தி படத்தை வாங்கி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பிறகுதான் அதைப் பார்த்தாள்.

“ஏட்டி, இது என்னது?”

“ஃபாட்டக்.”

மராத்தி பேசும் எங்கள் ஊரில் ரயில்வே கேட்டுக்கு அதுதான் பெயர். ரயிலே ஓடாத ராஜ்யத்தில் அது எதற்கு என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. புத்தகத்தில் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த என் படம் தப்பாகிவிட்டதே! அவள் கேட்டை அழிக்க வைட்னர் புட்டியைக் குலுக்கி மூடியையும் திறந்துவிட்டாள்.

“ஃபாட்டக் இல்லாட்டா எல்லாரும் எங்க சித்தி நிப்பாங்க?” என்றேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம், சர்ச், கறிக்கடை, எங்கே போனாலும் அந்தக் கேட்டில் நின்றுவிட்டுத்தான் போவோம். நிற்காமல் போகிற பாதை ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது.

சித்தி படத்தில் அந்தக் கேட்டை மறுபடியும் பார்த்தாள். புட்டியை மூடினாள்.

“நல்லவேள ஞாபகப்படுத்துன. நான் எழுத மறந்துட்டேன்,” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறதிக்காரச் சித்தியை நான் காப்பாற்றிய கதையைக் காலனி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அவளோ மறுபடியும் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலம் போய்க் குளிர்காலம் வந்தது. பதிப்பகத்திலிருந்து கோபமாக போன் வந்தது. “முடிச்சாச்சுன்னு கேக் எல்லாம் வெட்டுனியே, பெறவு என்னத்த எழுதுத?” என்று அம்மா தன் தங்கையை நச்சரித்தாள். சித்தி சிரித்து மழுப்பினாள்.

புத்தகம் வந்ததும் சர்ச் ஹாலில் விழா. சித்தி கேட் வரும் பக்கங்களை வாசித்து, தமிழிலும் சொன்னாள். அரக்கர் படை இளவரசியைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போகிறது. கேட் மூடிக்கொள்கிறது. அரக்க ராஜா கொம்பை எடுத்து ஊது ஊதென்று ஊதுகிறான். ஒரு அரக்கன் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து சண்டை பிடிக்கிறான். இன்னொருவன் கொய்யாப்பழம் வாங்கி மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்கிறான். இந்த அமளியில் இளவரசி தேரிலிருந்து நழுவி, குனிந்து, கேட்டுக்கு அடியில் புகுந்து ஓடிவிடுகிறாள்!

ஹாலே குலுங்கியது. அதே கேட்டில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தவர்கள்தானே எல்லோரும்! “நான்தான் ஞாபகப்படுத்துனேன்!” என்று நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன். சித்தி மைக்கிலேயே “ஆமா” என்றாள்.

வருடங்கள் கழித்து, போன மாதம் சித்தி மகர்பட்டா ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். சாமான் கட்டும்போது, கேக் வெட்டிய நாளில் எழுதி முடித்திருந்த பழைய பிரதி என் கையில் கிடைத்தது. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அதில் படை எங்கும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் கோட்டைக்குப் போய்விடுகிறது. அங்கே இளவரசியைக் கொன்றுவிடுகிறார்கள். கதை ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருந்தது.

“சித்தி, அன்னைக்கு நெசமாவே மறந்துட்டீங்களா?”

தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஆமாட்டி. நீ மட்டும் கேக்கலன்னா அந்தப் பிள்ள செத்துருக்கும்லா,” என்றாள்.