லெந்து நாளில் ஒரு கறித்துண்டு

நான் கறி தின்னவில்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

ஆம்பூரில் நாலாம் வகுப்புப் படித்தபோது ஒருமுறை வயிறு கல்லாக இறுகி, எனக்குச் சோறே இறங்கவில்லை. தொக்கம் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை சாப்பிடாவிட்டால் தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டதாக அர்த்தம். அதை உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்ததால் அத்தைதான் என்னை இழுத்துப்போனாள்.

அந்த அம்மாள் என் வயிற்றில் துணியைப் போட்டு, வாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். வெளுத்த கறித்துண்டு.

"எங்க வூட்ல லெந்து. சாம்பல் புதன்லேர்ந்து கறியே ஆக்கல" என்றேன். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு அது.

அவர் துளியும் அசரவில்லை. "அப்ப வேற எங்கியாவது துன்னுருக்கும்" என்றார். அத்தை அதையும் நம்பினாள். பக்கத்து வீட்டுத் தோழி நீட்டிய பிரியாணியையே வேண்டாம் என்றவள் நான்! வீட்டுக்கு வந்ததும், ஆண்டவரிடம் மன்னிப்புக் கேள் என்று அத்தை முழங்காலில் நிறுத்தினாள். நின்றேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தின்றிருந்தால் அந்த வலிக்கு ருசியாவது மிஞ்சியிருக்கும்.

சாயங்காலம் அம்மா வந்தாள். காலையில் நிரப்பிக்கொண்டு போன தண்ணீர் பாட்டில் எப்போதும்போல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அத்தை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"ஸ்கூல் கக்கூஸ்ல கதவு இல்லியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவு உடைந்த நாளிலிருந்து, செத்தாலும் அதற்குள் போவதில்லை என்று தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோணிச்சாக்கும் சுத்தியலுமாகப் பள்ளிக்கு வந்து, கக்கூஸ் வாசலில் சாக்கைத் திரையாக அடிக்க ஆரம்பித்தாள். யாரைக் கேட்டு ஆணி அடிக்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் ஓடி வந்தார். கடைசி ஆணியையும் அடித்து முடித்த பிறகே அம்மா திரும்பினாள்.

"கதவு போடுங்க சார், அவுத்துக்கினு போயிடறேன்."

அன்று மாலை எனக்கு ஒரே கொண்டாட்டம். நான் சொல்லாமலே அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டபடி, கம்பெனியிலிருந்து அவள் குடிக்காமல் கொண்டுவந்த தண்ணீரை மடமடவென்று நான் குடித்து முடித்தேன்.