தாத்தாவுக்கு வந்த பி.பி. கால்

என் மகன் வீடு வீடாகப் போய் இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுக்கிறவன். சோறு தின்னும்போதும் போனில் ஓ.என்.டி., லேன் என்று எழுத்தெழுத்தாகப் பேசுவான். என்னடா அது என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்பான். நான் மூன்றாவதோடு நின்றவள்தான். ஆனாலும் அவன் பிறப்பதற்கு முன்பே எனக்கு பி.பி. தெரியும்.

அப்போது வெளியூருக்குப் பேச டிரங்க் கால்தான். எக்ஸ்சேஞ்சில் பி.பி. என்று சொல்லிப் பதிந்தால், பேர் சொன்ன ஆளே வந்து பேசினால்தான் முழுக் காசு. ஆள் இல்லையென்றால் சொற்பத்தோடு போயிற்று.

அக்காவை பெங்களூரில் கொடுத்திருந்தது. மாமா கை நீட்டுகிறவர். "கட்டிக் குடுத்தாச்சு, அனுசரிச்சிக்கினு போவட்டும்" என்று அப்பா முடித்துவிட்டார். அதனால் அம்மாவும் அக்காவும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமாவாசைதோறும் மாமா வேலைக்குப் போன பிறகு, அக்கா பக்கத்து மருந்துக்கடையிலிருந்து எங்கள் பட்டு முதலாளி கடைக்கு பி.பி. போடுவாள். செத்துப்போன தாத்தா பேரைக் கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அம்மா பேரைக் கேட்டால், உடனே வந்து கூட்டிப் போ. இது தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும் நானும்தான்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அம்மா கடையில் போய் நின்றால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் சின்னப் பெண் நான் போய் உட்காருவேன்.

"இந்தாம்மா, அமாவாசை ஆனா போதும், உங்க தாத்தாவைத் தேடி போன் வந்துடுது. படையல் சாப்பிட வரப்போ இப்டிக்கா வந்து பேசிட்டுப் போவச் சொல்லு" என்று கணக்குப்பிள்ளை சிரிப்பார். காசு மிச்சம் பிடிக்கிற வித்தை என்று அவருக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது.

"அவரு இல்லீங்க, வெளியே போயிருக்காரு" என்று எக்ஸ்சேஞ்சு அம்மாவிடம் சொல்வேன். லைன் அறுபடுவதற்குள் அந்தப் பக்கம் அக்கா "சரிங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருப்பேன்.

அந்த ஆடி அமாவாசைக்கும் தாத்தா பேர்தான் வந்தது. இல்லை என்றேன். "சரி" என்றது மாமாவின் குரல்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா நல்லா கீறாம்மா. தாத்தாவத்தான் கேட்டாங்க."

"கொரலு கேட்டியா?"

"கேட்டேனே. இன்னிக்கு மாமா பேசினாரு."

அம்மா அரிவாள்மணையை மடக்காமல் எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

"படையல் போடாம எங்கடி கெளம்பிட்ட?" என்று அப்பா கத்தினார்.

"எம் பொண்ணப் பாக்க."

திரும்பி வரும்போது தனியாகத்தான் வந்தாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அந்த வீட்டில் சொன்னார்களாம். அடுத்த அமாவாசையிலிருந்து எங்கள் வீட்டுப் படையலுக்கு இலை இரண்டு.

ஆனால் அன்றைக்கு, அம்மா தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சேதி கொண்டுவந்தவளுக்கு ஒரு துண்டு வெல்லம்கூடத் தராமல் போகிறாளே என்று கோபம். மற்றபடி எனக்குச் சந்தோஷம்தான். நாங்கள் மூன்று பேர் மட்டும் வைத்திருந்த ரகசியத்தை அக்கா மாமாவுக்கும் சொல்லியிருக்கிறாள், அப்படியென்றால் இருவரும் ராசியாகிவிட்டார்கள், இனி அவர் அடிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.