அம்மாவின் பதிலுரை

அப்பாவின் ஆபீஸ் மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர். அப்பா அவரை பர்மிய வழக்கப்படி 'சயா', அதாவது ஐயா, என்பார். ஜனவரியில் அவர்கள் ஊரில் ஒரு கவிஞரின் பிறந்தநாளுக்கு வீடுதோறும் விருந்து வைப்பார்களாம். ரங்கூனில் தனியாக இருந்த சயா அதைச் சொல்லி ஏங்க, எங்கள் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ரங்கூனின் பபேடான் பகுதியில் மாடி வீடு எங்களுடையது. ஒரு வாரம் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்டு இரைப்பைக்குள் ஈரலும் ஓட்ஸும் வெங்காயமும் திணித்து அம்மா வேகவைக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் ஓர் ஆண் எழுந்து பெண்களைக் கேலி செய்வான்; ஒரு பெண் பதில் கொடுப்பாள். அதுதான் முறை.

"பதில நீதான் சொல்லணும்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு இங்கிலீஷா தெரியும்?"

"எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டு ஒக்காரு, போதும்."

சயா தங்கள் ஊர் ஆண்கள் வழக்கப்படி கட்டம்போட்ட குட்டைப் பாவாடையில் வந்தார். ஆண்கள் லுங்கிபோல லோஞ்சி கட்டும் ஊரில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆபீசிலிருந்து இரண்டு பர்மியத் தம்பதிகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிறகு அப்பா எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். போனில் தொடர்பு கிடைக்காதபோது பதிவு செய்த பெண்குரல் ஒன்று வருமே, அதற்கு அம்மா, "சரிம்மா, அப்பறமாப் பண்றேன்" என்று பதில் சொன்ன கதை. வீட்டுக்குள் அம்மாவும் சேர்ந்து சிரித்த கதைதான். அப்பா அம்மாவின் குரலில் நடித்துக் காட்டினார். சயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் என்னைப் பார்த்ததால் நானும் சிரித்தேன். பட்டுப்புடவையில் நின்றிருந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எனக்கு அப்போதே எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மாவின் முறை வந்தது. கைகூப்பினாள். உட்காரவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள் தமிழில். "ஆனா எம்பேரு தெரியும். எம்பேரு வர்றப்பல்லாம் சிரிச்சீங்க. எல்லாரும் நல்லா இருங்க."

என்ன சொன்னார் என்று சயா கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்க்காமல் சயா பக்கம் திரும்பினார். "வந்ததற்கு நன்றி, எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும் என்கிறாள்" என்றார் ஆங்கிலத்தில்.

கைதட்டல் வீட்டை நிறைத்தது. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான். நான் மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அம்மா தமிழில் பேசிவிட்டாளே என்பதுதான் அன்று எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

விருந்தாளிகள் போனதும் அப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எச்சில் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவ ஆரம்பித்தார். அதற்குமுன் அவர் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி நான் பார்த்ததில்லை. அம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. கதவோரம் நின்று, கடைசித் தட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்தால் ஆண்தான் பாத்திரம் கழுவவேண்டும், அதுவும் ஸ்காட்லாந்து முறைதான் என்று வெகுகாலம் நான் நம்பியிருந்தேன்.